ஓபரா டிக்கெட்டைத் தெருவில் வாங்கலாமா?

கேள்வி: சென்ற மே மாதம் நானும் என் கணவரும் வியன்னா சென்றிருந்தபோது, ஒரு மாலை திடீரென்று ஓபரா பார்க்கும் ஆசை வந்தது. ஸ்டேட் ஓபரா கட்டடத்தின் அருகே பொய்முடியும் சிவப்பு அங்கியும் அணிந்து நின்றவரிடம் தலைக்கு 69 யூரோ கொடுத்து டிக்கெட் வாங்கினோம். நிகழ்ச்சியோ வேறொரு சிறிய அரங்கில் நடந்தது. சில பாடல்களைப் பாடி ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? டிசம்பரில் மாமனார், மாமியாருடன் மீண்டும் செல்கிறோம். அப்போது எப்படி வாங்குவது?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பணம் திரும்பக் கிடைக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கையூட்ட எனக்கு மனம் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்திலோ தெருவிலோ வாங்கியதை 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருந்தாலும், குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகளுக்கு அந்த உரிமை கிடையாது. டிக்கெட்டில் அச்சிடப்பட்டிருந்த அரங்கிலேயே நிகழ்ச்சி நடந்திருந்தால், விற்றவர் வாய்மொழியாகச் சொன்னதை மட்டும் வைத்து கார்டு வங்கியில் முறையிட்டு வெல்வதும் கடினம். அந்த வேடத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான கச்சேரிகளுக்கே டிக்கெட் விற்கிறார்கள். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் எந்த அரங்கம், முழு ஓபராவா அல்லது தொகுப்புக் கச்சேரியா, எந்த இருக்கை என்ற மூன்றையும் டிக்கெட்டிலேயே படித்துப் பார்த்துவிட வேண்டும்.

ஆனால் அன்று மாலை தோன்றிய உங்கள் ஆசையில் பிழையே இல்லை; நினைத்த அன்றே ஓபரா பார்க்க வியன்னாவைப் போல் வசதியான ஊர் அரிது. 1945-இல் குண்டுவீச்சில் எரிந்து, 1955 நவம்பரில் பீத்தோவனின் ஃபிடேலியோவுடன் மீண்டும் திறக்கப்பட்ட ஸ்டேட் ஓபராவில், நின்றபடி கேட்கும் ரசிகர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. அதற்கான டிக்கெட்டுகள் நிகழ்ச்சி நாளன்றே விற்பனைக்கு வருகின்றன; கட்டணம் நீங்கள் கொடுத்ததில் ஒரு சிறு பகுதிதான். உள்ளே சென்றதும் ரசிகர்கள் தங்கள் இடத்துக் கம்பியில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைப்பது அங்குள்ள வழக்கம். இடைவேளையில் வெளியே போய் வந்தாலும் அந்த இடத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பாடல் வரிகளை ஆங்கிலத்தில் காட்டும் சிறு திரையும் முன்னாலேயே இருக்கிறது.

மாமனாரையும் மாமியாரையும் மட்டும் அங்கே நிற்க வைக்காதீர்கள். இடைவேளையோடு மூன்று மணி நேரம் ஆவது சாதாரணம். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் நீண்ட படைப்புகள் சில ஐந்து மணி நேரத்தையும் தாண்டும். அவர்களுக்கு ஸ்டேட் ஓபராவின் சொந்த இணையதளத்திலோ டிக்கெட் கவுன்டரிலோ இருக்கை வாங்குங்கள். சௌடையா மெமோரியல் ஹாலில் கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு, இருக்கை கிடைத்தால் மேடை தெரியுமா என்று கேட்கவே தோன்றாது. குதிரைலாட வடிவில் மாடம் மாடமாக எழும்பும் ஓபரா அரங்கில் அப்படியல்ல: பக்கவாட்டு மாடங்களின் பின்வரிசையில் அமர்ந்தால் மேடையின் ஒரு பகுதி மறைந்துவிடும், விலை குறைவதற்கும் அதுவே காரணம். முதல் அனுபவம் என்பதால், புச்சீனியின் லா போஹேம் போல இரண்டு மணி நேரத்துக்குள் இசை முடியும் ஓபரா அன்று நடக்கிறதா என்றும் பாருங்கள். தாமதமாகச் சென்றால் இடைவேளை வரை வெளியே காத்திருக்க நேரலாம். டிசம்பர் குளிருக்கு அணியும் கோட்டை நுழைவிடத்தில் ஒப்படைக்கவும் நேரம் வேண்டும்.

கார்டில் கட்டும்போது ரூபாயிலா யூரோவிலா என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில் கூடுதலாக இழப்பீர்கள். யூரோவில் கட்டினாலும் பல இந்தியக் கார்டுகளில் 3.5 சதவீதம் வரை கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. கிளம்புவதற்கு முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வையுங்கள், ஓ.டி.பி. வரும் இந்திய எண்ணுக்கு ரோமிங்கும் இருக்கட்டும்.