செத்த வீட்டு நேரலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சூரிச்சில் இருக்கிறோம். அம்மா காலமான பிறகு அப்பாவை யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியிலிருந்து எங்களிடம் கூப்பிட்டுவிட்டோம். வந்த நாளிலிருந்து அவருக்கு ஊர்ச் சனல்கள்தான். அது பரவாயில்லை. ஆனால் யூரியூப்பில் வரும் செத்த வீட்டு நேரலைகளையும் ஒன்று விடாமல் பார்க்கிறார். விடியப்புறம் நாலரைக்கு ஹோலில் பறைச் சத்தமும் ஒப்பாரியும் கேட்டால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இப்படியே போனால் மனநோய் வந்துவிடும், இரவில் இன்டர்நெற்றை நிறுத்து என்கிறார் கணவர். கடையில் வாங்கிய, இன்டர்நெற் வழியாகச் சனல் காட்டும் ஐபி ரீவி பொக்ஸும் நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

இன்டர்நெற்றை நிறுத்த வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ரீவி பார்க்கிறார் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எனக்கு அவர் செத்த வீட்டுக்குப் போய் வருகிறார் என்றுதான் படுகிறது. எங்கள் ஊர் முறை உங்களுக்குத் தெரியாததல்ல. பேச்சுவார்த்தை இல்லாத வீடு என்றாலும் சாவுக்குப் போயே ஆகவேண்டும். கலியாணத்துக்கு வராததை மன்னிப்பார்கள், சாவுக்கு வராததை மறக்கமாட்டார்கள். அவருடைய வயது ஆண்கள் பந்தல் போட்டு, பாடை கட்டி, சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்துப் பொற்சுண்ணம் பாடி, சுடலை வரைக்கும் நடந்தவர்கள். வாழ்நாள் முழுக்கச் செய்த அந்தக் கடமையை, ஆளையே ஊரைவிட்டு எடுத்த பிறகு, அவர் எப்படிச் செய்வார்? தன்னோடு படித்தவர், பக்கத்துக் காணிக்காரர், சொந்தக்காரர் என்று ஒவ்வொருவராய்ப் போகிற வயது அது. ஒன்பது மணிக்குக் கிரியை தொடங்கினால் குளிர்காலத்தில் உங்களுக்கு நாலரை. அந்த நேரத்துக்கு எழும்பி உட்காருகிறார் என்றால் அதில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று பாருங்கள்.

இந்த நேரலைகள் வந்ததே வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகத்தான். அகதி அந்தஸ்தோடு சுவிஸில் இருக்கும் பிள்ளை தாயின் சாவுக்கென்றாலும் இலங்கைக்கு வர முடியாது. முன்பு வீடியோக் கசெற் எடுத்து அனுப்புவார்கள். அது போய்ச் சேரும்போது இங்கே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருக்கும். 2020 இல் கொரோனாவுக்காக விமான நிலையத்தை மூடியபோது நேரலை எல்லோருக்கும் பழகிவிட்டது. இப்போது வீடியோக்காரர் கமராவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, "கனடாவில மகள் பார்க்கிறா" என்று சொன்னால் ஐயர் கொஞ்சம் விலகி நிற்கிறார். வாய்க்கரிசி போட வருபவர்களும் கமராவைப் பார்த்துக் கைகூப்புகிறார்கள். இதை அநாகரிகம் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வர முடியாத பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள்.

அதோடு, தூரத்தில் இருப்பதை வீட்டுக்குள் கொண்டுவருவது அப்பாவின் தலைமுறைக்குப் புதிதல்ல. இலங்கை அரசின் ரூபவாஹினி ரீவி 1982 இல் தொடங்கியது. ஆனால் தூர்தர்சனுக்காக உயரமான கம்பத்தில் அன்ரனா கட்டி இந்தியப் பக்கம் திருப்பிய வீடுகள் யாழ்ப்பாணத்தில் எத்தனை! இடையில் கடல்தானே, காற்று ஓய்ந்த வெக்கை இரவுகளில் படம் இன்னும் தெளிவாக வரும். 1990 இல் சண்டையால் மின்சாரம் நின்றது. அப்புறம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள்.

சரி, பொக்ஸ் விஷயம். அப்படி நூற்றுக்கணக்கான சனல்களை மலிவாகத் தருகிற பொக்ஸ்கள் பெரும்பாலும் அனுமதியில்லாமல் எடுத்துக் கொடுப்பவை. ஒருநாள் நின்றால் கேட்க ஆளில்லை, கட்டிய காசும் சனல்காரருக்குப் போவதில்லை. ஊரில் பூட்டும் டிஷ்ஷைக் கொண்டுபோயும் பயனில்லை. அந்தச் செய்மதியின் கற்றை ஐரோப்பாவில் விழாது. ஊர்ச் சனல்கள் பலவும் செய்தியையும் கோயில் திருவிழாவையும் தங்கள் யூரியூப் பக்கத்திலேயே போடுகின்றன. கிரிக்கெட் மட்டும் அப்படி வராது. ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்பதால், இலங்கைக்கு மட்டும் வாங்கிய சனல் வெளிநாட்டுக்கு மறித்தே ஆகவேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு அந்தத் தடை இல்லை. இருபத்தைந்து நாளும் பார்க்கலாம். இருபத்து நாலாம் நாள் காலை ஏழு மணிக்குத் தேரைப் பார்க்க, அங்கே மூன்றரைக்கு எழும்ப வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. பெரிய எழுத்தில் பரபரப்புத் தலைப்புப் போட்டு, நடக்காத சண்டையையும் வராத புயலையும் காட்டும் யூரியூப்காரர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் விசாரிக்க ஆளில்லாத முதியவரை அவர்கள் நன்றாகக் கலங்கடிப்பார்கள். அவற்றை அப்பாவின் திரையில் வராமல் மறித்துவிடுங்கள்.

பிள்ளைகளின் பயத்துக்கு, விடியப்புறத்தில் அவருக்கு ஒரு ஹெட்போன் கொடுங்கள். பகலில், இறந்தவர் யார், தாத்தாவுக்கு என்ன முறை என்று அவரையே பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். சாப்பாடும் நித்திரையும் குறைந்து, யாரோடும் பேசாமல் இருக்கிறார் என்றால் டொக்டரிடம் காட்டுங்கள். அப்படியொன்றும் நீங்கள் எழுதவில்லை.

செத்த வீட்டுக்குப் போனவர் அந்த வீட்டாரோடு நாலு வார்த்தை பேசாமல் திரும்புவதில்லை. நேரலையில் அந்த வசதி மட்டும் கிடையாது. அவருடைய போனில் வட்ஸ்அப் போட்டு, அந்த வீட்டுக்காரரின் நம்பரை எடுத்துக் கொடுங்கள். எட்டாம் நாள் சடங்கு முடியுமுன் ஒருநாள், ஊரில் பின்னேரமாகிற நேரம் பார்த்து, நீங்களே எடுத்து அவர் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
அண்ணா