நாடகத்துக்கு நான்கு நாள்தான் இருக்கிறது, வசனம் இன்னும் மனதில் நிற்கவில்லை. ஒத்திகையை எப்படி நடத்துவது?

வசனத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஒருவர் மறந்தால் எதிரே நிற்பவர் எடுத்துக்கொடுப்பார். வரவேண்டிய நாற்காலி மேடைக்கு வராவிட்டால் யார் எடுத்துக்கொடுப்பது?

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கள் வாசகசாலை ஆண்டுவிழாவில் வருடாவருடம் தமிழ் நாடகம் போடுகிறோம். நடிப்பவர்களில் பாதிப் பேர் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதிவைத்துத்தான் மனப்பாடம் செய்வார்கள். பதற்றத்தில் 'என்ன' என்பது 'எந்தா' ஆகிவிடும். பார்ப்பவர்களும் அப்படிப் பேசுகிறவர்கள்தானே, கைதட்டிவிடுவார்கள்.

முதல் வருடம் எங்களைக் கவிழ்த்தது காற்று. வாசகசாலை அறைக்குள்ளேயே ஒத்திகை பார்த்துவிட்டு, ஜனவரியில் திறந்த மைதானத்தில் மேடை ஏறினோம். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கேதான் வழிவிட்டு நிற்கிறது. மார்கழி, தையில் கிழக்குக் காற்று அந்தக் கணவாய் வழியே பிய்த்துக்கொண்டு போகும். அரண்மனைத் திரை ராஜாவையே சுற்றிக்கொண்டது. மைக்கில் கேட்டது காற்று மட்டும்தான். இப்போது கடைசி மூன்று நாள் அதே மைதானத்தில், அதே நேரத்தில்தான் ஒத்திகை. திரையின் அடியில் மூங்கில் கட்டிவிடுகிறோம்.

அப்புறம், முழு நாடகத்தையும் நிறுத்தாமல் இரண்டு முறையாவது ஓட்டுங்கள். தப்பு நடந்தாலும் இயக்குநர் வாயைத் திறக்கக்கூடாது, நோட்டில் குறிக்கட்டும். காட்சி மாற்றத்துக்கும் சேர்த்துக் கடிகாரம் வையுங்கள். எங்களுக்கு 1 மணி 40 நிமிட நாடகம் அதனாலேயே 2 மணி 10 நிமிடம் ஆனது. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. கிளைமாக்ஸ் அதற்குள் முடிய வேண்டும்.

கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ஆடும் தொழில்முறை ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ஒத்திகையே இல்லாமல் ஆடுகிறார்களே என்று எங்கள் ஆட்டோக்கார நடிகர் கேட்பார். சரிதான், அவர்கள் அதே கதையை எத்தனை இரவு ஆடியவர்கள்! நமக்கு ஒரே இரவு.

வசனத்துக்கு ஒரு வழி: வட்டமாக உட்கார்ந்து, நடிக்காமல், படுவேகமாகச் சொல்லிப் பாருங்கள். திக்கும் இடத்தை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்.

முந்தின நாள் இரவு நாங்கள் சாமான்களை மட்டும் எண்ணி மேசையில் வைப்போம். போன வருடம் ஒரு ஊன்றுகோல் கூடுதலாக இருந்தது. பேப்பர் படிக்க வரும் பெரியவருடையது. இரண்டு நாளாக அவரைக் கோலில்லாமல் நடக்கவிட்டிருக்கிறோம்.