நகர வெள்ளம், மழைநீர் வடிகால் துறையில் பேராசிரியர் வேலை எப்படி இருக்கும்? சிவில் முடித்தவர் நம்பி வரலாமா?

சிவில் இறுதியாண்டு படிக்கிறீர்கள், வீட்டில் கட்டுமான வேலைக்குப் போகச் சொல்கிறார்கள், உங்களுக்கோ மழைநீர் வடிகாலில் ஆய்வு செய்து கல்லூரி வேலைக்கு வர ஆசை. இதுதானே கேள்வி? தாராளமாக வரலாம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நீர்வளப் பாடம் நடத்துகிறேன். என் ஆய்வும் இந்த ஊர் மழையைப் பற்றியதுதான். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அணை, பாசனம் என்று வேலை செய்பவருக்கு மாதக் கணக்கு, பருவக் கணக்கு போதும். நகர வெள்ளத்தில் எல்லாமே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பெய்தது மொத்தம் 9.8 செ.மீ. அதில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து மூன்றேகால் வரை மட்டும் 4.5 செ.மீ. செல்லூர் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் கரை மீறி, வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது.

இதை ஒரு கணக்காகப் பாருங்கள். 10 ஹெக்டேர், அதாவது சுமார் 25 ஏக்கர் உள்ள ஒரு குடியிருப்பு. சிமென்ட் ரோடும் மொட்டை மாடியுமாக இருப்பதால் மழையில் 80 சதவீதம் ஓடி வந்துவிடும் என்று வைப்போம். அன்றைய 9.8 செ.மீ. மழையை 24 மணி நேரத்துக்கும் சமமாகப் பங்கு போட்டால், வடிகாலுக்கு வருவது வினாடிக்கு 90 லிட்டர்தான். அந்த 4.5 செ.மீ.யைக் கால் மணி நேரத்துக்குள் வைத்துக் கணக்குப் போட்டால் வினாடிக்கு 4,000 லிட்டர். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள வடிகாலில் தண்ணீர் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடினாலும் 1,500 லிட்டர்தான் போகும். மீதி எங்கே போகும்? தெருவில்தான் நிற்கும்.

இதில் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. மழையில் ஓடி வரும் பங்கு, மழையின் வேகம் (ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பெய்கிறது என்பது), பரப்பு மூன்றையும் பெருக்கும் இந்த முறையை அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி 1851-லேயே எழுதி வைத்துவிட்டார். கணக்கு எளிது. அதற்குள் போட வேண்டிய மழையின் வேகம்தான் நம்மிடம் இருப்பதில்லை. வழக்கமான மழைமானியில் காலை எட்டரை மணிக்கு ஒருமுறை அளவெடுப்பார்கள். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு முந்தைய நாள் மூன்று மணிக்கு என்ன நடந்தது என்று சொல்லவே முடியாது. ஒருமுறை ஒரு ஊரின் வடிகால் திட்ட அறிக்கையைக் கருத்துக் கேட்டு எங்களுக்கு அனுப்பினார்கள். நாள் மழையை 24-ஆல் வகுத்து அதையே வேகமாகப் போட்டிருந்தார்கள்! எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அந்தக் காகிதத்தை நம்பித்தானே அங்கே குடியிருப்பவர்கள் இருக்கப் போகிறார்கள்? பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினோம். இரண்டு தெருவுக்கு வடிகால் அளவு மாறியது. இந்த வேலையில் கிடைக்கும் சந்தோஷம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும், எனக்கு அது போதும்.

அதனால் எங்கள் ஆய்வின் பெரும்பகுதி அளவெடுப்பதுதான். தானியங்கி மழைமானியைப் பள்ளிக்கூட மாடிகளில் வைக்கிறோம். உள்ளே இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். 0.2 மி.மீ. நிறைந்ததும் ஒரு பக்கம் சாயும், சாய்ந்த நேரத்தைக் கருவி குறித்துக்கொள்ளும். ஐப்பசிக்கு முன்பே மேலே ஏறி, புனலில் கிடக்கும் இலையையும் காக்கை எச்சத்தையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பருவத்துத் தரவே போச்சு. வாய்க்காலில் வேகம் பார்க்க ஒரு காலி பாட்டிலில் பாதி மணல் போட்டு மிதக்கவிட்டு, இரண்டு குறிகளுக்கு இடையே எத்தனை வினாடி எடுக்கிறது என்று மாணவர்கள் பார்ப்பார்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம் ஓரளவுக்கு வந்துவிடும். தூய்மையான வேலை என்று நினைத்து வராதீர்கள். பந்தல்குடியில் ஓடுவது மழைநீர் மட்டும் இல்லை.

கருவி இல்லாத இடத்தில் மக்கள்தான் பதிவேடு. செல்லூரில் ஒரு அம்மா தன் வீட்டுச் சுவரைக் காட்டி, "தம்பி, சாமி படம் மாட்டியிருக்கிற ஆணி வரைக்கும் வந்துச்சு, பாத்துக்கங்க" என்றார். அந்த ஆணியின் மட்டத்தை லெவல் கருவி வைத்து எடுத்தோம். வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று கணிக்கும் எங்கள் கணினி மாதிரி காட்டிய நீர்மட்டம் சரியா என்று பார்க்க அது போல இன்னொரு சான்று கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மதுரையில் இந்தத் துறை வடிகாலோடு நிற்காது, கண்மாய் தெரிய வேண்டும். மேலே சொன்ன 10 ஹெக்டேரில் அந்தக் கால் மணி நேரத்தில் ஓடி வருவது 3,600 கன மீட்டர். பக்கத்தில் ஒரு ஹெக்டேர் குளம் இருந்தால் அதில் வெறும் 36 செ.மீ. ஏறும், அவ்வளவுதான். வடிகால் தாங்காததைக் குளம் தாங்கிவிடும். ஆனால் அந்த 36 செ.மீ. காலியாக இருக்க வேண்டுமே! வருடம் முழுக்கச் சாக்கடை விழுந்து, ஆகாயத்தாமரை மண்டி, மறுகால் மட்டம் வரை, அதாவது மிச்சத் தண்ணீர் வெளியே வழியும் மட்டம் வரை, தண்ணீர் நிற்கிற கண்மாயில் மழைக்கு இடம் ஏது? நாகமலைப் பக்கமிருந்து வந்து நகருக்குள் ஓடும் கிருதுமால் நதியைப் பாருங்கள், இன்று அதைச் சாக்கடை என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதனால் கம்ப்யூட்டரில் மாதிரி ஓட்டுவதோடு, தண்ணீர் வரும் வரத்துக்கால் எது, திறந்துவிடும் மடை எது, மிச்சம் வழியும் கலிங்கு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று நில அளவைப் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கவும் தெரிய வேண்டும்.

சரி, பிழைப்புக்கு வருவோம். கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.இ. நீர்வளம் சேருங்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையம் இருக்கிறது, ரூர்க்கி ஐஐடியில் நீரியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அப்புறம் முனைவர் பட்டம். அது முடியும் வரை உதவித்தொகையில்தான் ஓட்ட வேண்டும், கூடப் படித்தவர்கள் கார் வாங்கியிருப்பார்கள். தனியார் கல்லூரிச் சம்பளம் இடத்துக்கு இடம் மாறும், ஆரம்பத்தில் குறைவுதான். வீட்டில் இதை மறைக்காமல் இப்போதே பேசிவிடுங்கள். மென்பொருளுக்குக் காசு வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971-லிருந்து வளர்த்துவரும், மழைநீர் ஓட்டத்தையும் வடிகாலையும் கணக்கிடும் எஸ்.டபிள்யூ.எம்.எம். இலவசம், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ் இலவசம். இரண்டையும் இந்த வருடமே கற்றுக்கொள்ளலாம்.

எம்.இ. சேரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கிற நேரான பாத்திரம் ஒன்றை மாடியில் திறந்த இடத்தில் வையுங்கள். வருகிற ஐப்பசி மழையில் இடி மின்னல் இல்லாத நேரமாகப் பார்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கேலை விட்டு அளந்து, மணியோடு நோட்டில் எழுதுங்கள். தெருவில் தண்ணீர் எப்போது தேங்க ஆரம்பித்தது, எப்போது வடிந்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். நாளை ஆய்வு வழிகாட்டியைத் தேடிப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த நோட்டையும் கொண்டு போங்கள். என்னிடம் வந்தால் நான் முதலில் அதைத்தான் வாங்கிப் பார்ப்பேன்.