டிஜிட்டல் அக்கார்டியன்: சவுண்ட் செட்டிங், பேட்டரி – கேள்வி பதில்

ஆலயப் பாடகர் குழுக்களுக்கும் கல்யாணக் கச்சேரிகளுக்கும் வாசிக்கிற மலை ஊர்க்காரர்களின் கேள்விகள் இவை. உறைபனி மாதம் என்பதால் பாதிக்கு மேல் பேட்டரியைப் பற்றித்தான் வந்திருக்கின்றன.

ஊட்டி: அண்ணா, சாயங்காலப் பயிற்சியில் மூணு மணி நேரம் தாங்குற செல், விடியற்காலை ஆராதனைக்கு ஒரு மணி நேரத்திலேயே லோ பேட்டரி காட்டுது. செல் செத்துப்போச்சா?

சாகவில்லை, விறைத்திருக்கிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்லுக்குள் நடப்பது வேதிவினை. குளிரில் அது மந்தமாகி, செல்லின் உள்மின்தடை ஏறும். ஸ்பீக்கர் சத்தமாக ஒலிக்கும் நொடியில் மின்னழுத்தம் சட்டென்று இறங்கும், வாத்தியம் அதைக் காலி பேட்டரி என்று எடுத்துக்கொள்ளும். அதே செல்லை வெதுவெதுப்பாக்கிப் போட்டால் மீதியைக் கொடுக்கும்.

ராத்திரி செல்லை வாத்தியத்துக்குள் விடாதீர்கள். வெளியே எடுத்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஸ்வெட்டரின் உள்பாக்கெட்டில் வைத்துக் கொண்டுபோய், வாசிக்கும்முன் மாட்டுங்கள். டப்பா கட்டாயம் வேண்டும். சாவியோ சில்லறையோ இரண்டு முனையையும் தொட்டால் செல் சூடேறிக் கையைச் சுடும். பனியிலிருந்து வந்த செல்லை உடனே சார்ஜரில் போடக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரட்டும்.

கோத்தகிரி: கடையில் கிடைக்கும் சாதாரண அல்கலைன் செல் போடலாமா? 8 செல் போடும் மாடல்.

வேண்டாம். ரீசார்ஜ் செல் ஒன்று 1.2 வோல்ட், எட்டுக்கு 9.6. அல்கலைன் 1.5, எட்டுக்கு 12. உங்கள் வாத்தியம் எதைத் தாங்கும் என்பதை மேனுவல் சொல்லும். ரீசார்ஜ் செல் மட்டும் என்று போட்டிருந்தால் அதை மீற வேண்டாம். இன்னொன்று, எட்டு செல்லும் வரிசைத் தொடரில் இருப்பதால் வோல்ட்தான் கூடும், கொள்ளளவு கூடாது. 2000 எம்ஏஎச் செல் எட்டு போட்டாலும் 2000 எம்ஏஎச்தான், 16000 ஆகாது. வாத்தியம் 500 மில்லி ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 4 மணி நேரம். குளிரில் அதுவும் குறையும்.

கூடலூர்: அடாப்டர் போட்டு வைத்தால் உள்ளே இருக்கும் செல் சார்ஜ் ஆகும்தானே?

ஏஏ செல் போடும் மாடல்களில் ஆகாது. தனி சார்ஜர்தான். கம்பெனியே பேட்டரி பேக் கொடுத்த பெரிய மாடல்களுக்கு மேனுவலைப் பாருங்கள்.

குன்னூர்: பாடகர் குழுவோடு வாசித்தால் எல்லோரும் சுருதி விலகின மாதிரி கேட்குது. டியூனிங் 440 ஹெர்ட்ஸ், சரியாத்தான் இருக்கு. ரீட் கெட்டுப்போச்சோ?

ரீட் கெட வழியே இல்லை, உள்ளே ரீட் (காற்றில் அதிரும் உலோக நாக்கு) கிடையாது. பெல்லோஸின், அதாவது துருத்தியின், காற்றழுத்தத்தை சென்சார் அளக்கிறது, ஒலியைச் சிப் உண்டாக்குகிறது. ரோலண்டின் வி-அக்கார்டியன் 2004-இல் வந்ததிலிருந்தே ஏற்பாடு இதுதான்.

உங்கள் சிக்கல் மியூசெட் செட்டிங்கில். மியூசெட்டில் இரண்டு ரீட் ஒலிகளை வேண்டுமென்றே சற்று விலக்கி வைப்பார்கள். ஒன்று 440-இல் நிற்க, மற்றது 20 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே, அதாவது ஏறக்குறைய 445-இல் நின்றால், நொடிக்கு ஐந்து தடவை ஒலி ஏறி இறங்கி நடுங்கும். காது இரண்டுக்கும் நடுவில், கிட்டத்தட்ட 442.5-இல் சுருதியை வைத்துக்கொள்ளும். பாடுகிறவர்கள் அதைத் தேடி மேலே இழுபடுவார்கள். ஆர்கனோ கீபோர்டோ கூட ஒலித்தால் அது 440-இலேயே நிற்கும். அந்த இழுபறிதான் உங்களுக்குக் கேட்கிறது.

மெனுவில் மியூசெட் டியூனிங்கை விலகல் இல்லாத 'டிரை'க்குக் கொண்டுவாருங்கள். எந்த ரீட் ஒலிகள் சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ரெஜிஸ்டரில், எல்லாம் சேர்ந்த மாஸ்டரை விட்டு பாஸூனும் கிளாரினெட்டும் சேர்ந்ததை, அதாவது 16 அடியும் (ஒரு ஸ்தாயி கீழே) 8 அடியும் (இயல்பான சுருதி) எடுங்கள். செயற்கை எதிரொலியான ரிவர்பை நன்றாகக் குறையுங்கள். உயரக் கூரைக் கல் ஆலயத்தில் கட்டடமே போதுமான எதிரொலி தரும், இரண்டும் சேர்ந்தால் வார்த்தை புரியாது. கடைசியாக 'ரைட்' (Write) கொடுத்து சேமியுங்கள். இல்லையென்றால் ஆஃப் செய்ததும் பழைய செட்டிங் வந்துவிடும்.

கொடைக்கானல்: ஐயா, நடுக்கம் இல்லாத அக்கார்டியன் கீபோர்டு மாதிரி சப்பென்று இருக்கும். அதன் உயிரையே எடுக்கச் சொல்கிறீர்களே?

வேகமான பாட்டுக்கு அந்த நடுக்கம் அழகு, ஒப்புக்கொள்கிறேன். சுரம் நிற்பதற்குள் அடுத்தது வந்துவிடும். மெதுவான கீதத்தில் நாலு எண்ணிக்கைக்கு ஒரு சுரம் நிற்கும்போது அது பாடுகிறவர் குரலின் அசைவோடு மோதும்.

கொடைக்கானல்: அப்படியானால் மியூசெட்டில் பிரெஞ்சு, ஸ்காட்டிஷ் செட்டிங் எல்லாம் எதற்கு வைத்தார்கள்?

நடனத்துக்கு. பாடகர் குழுவுக்கு அல்ல. ஒரே சென்ட் விலகல் மேல் ஸ்தாயியில் இரட்டை வேகத்தில் துடிக்கும். நடு ஸ்தாயியில் நொடிக்கு ஐந்து என்றால் அதற்கு மேலே பத்து. அதனால்தான் நிஜ ரீட் பெட்டிக்கு டியூன் செய்பவர்கள் மேலே போகப் போக சென்ட்டைக் குறைக்கிறார்கள். நடுக்கம் வேண்டுமென்றால் முன்னிசையில் வையுங்கள், பாடல் தொடங்கியதும் ரெஜிஸ்டரை மாற்றுங்கள்.

கூடலூர்: கீர்த்தனைக்கு? சுருதிப் பெட்டியோடு வாசிப்பேன்.

நடுக்கமே கூடாது. 8 அடி ஒற்றை ரீட். சுருதிப் பெட்டி ஆடாமல் நிற்கும்போது மேலே ஐந்து துடிப்பு ஓடினால் ஸட்ஜமம் எங்கே என்று பாடகர் தேடுவார். சுருதிப் பெட்டி 442-இல் இருந்தால் மாஸ்டர் டியூனில் 8 சென்ட் அளவு ஏற்றுங்கள். டிரான்ஸ்போஸைத் தொடாதீர்கள், அது ஒரு படிக்கு 100 சென்ட் தாவும். கமகம் இதில் வராது. அதை நடுக்கத்தால் ஈடுகட்டப் பார்க்க வேண்டாம்.

கொடைக்கானல்: இருந்தாலும் எனக்கு 8 சென்ட்டாவது வேண்டும்.

8 சென்ட் நொடிக்கு இரண்டு துடிப்புதான். அதை நான் மறுக்க மாட்டேன். ஒரு பயிற்சியில் இரண்டு விதமாகவும் வாசித்து, பாடகர்களிடமே கேளுங்கள்.

கோத்தகிரி: யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் 1.5 வோல்ட் லித்தியம் செல்?

அதுவும் எட்டுக்கு 12 வோல்ட். தவிர, உள்ளே இருக்கும் சர்க்யூட் கடைசி வரை 1.5-ஐயே காட்டும், பேட்டரி அளவு முழுசாக நிற்கும், பிறகு பாட்டு நடுவில் ஒரேயடியாக அணைந்துவிடும். வேண்டாம்.

ஊட்டி: அடாப்டரில் சார்ஜ் ஏறுமா அண்ணா?

கூடலூருக்குச் சொன்னதேதான். ஏறாது.

குன்னூர்: புது செல் நாலு, பழசு நாலு கலந்து போட்டேன், சீக்கிரம் தீருது.

கலக்காதீர்கள். பழசு முதலில் காலியாகும், மற்றவை அதன் வழியே மின்சாரத்தைத் தள்ள, அதன் முனை தலைகீழாகி செல் கெடும். எட்டையும் ஒன்றாக வாங்கி, தேதி எழுதி, எப்போதும் ஒன்றாகவே சார்ஜ் செய்யுங்கள். மைக் செட்டில் வாசிக்கும்போது உள் ஸ்பீக்கரை அணைத்தால் நேரம் கூடும்.

கொடைக்கானல்: தோல் வார் அறுந்துபோச்சு, எங்கே தைக்கலாம்?

பேக் தைப்பவரிடம் கொடுங்கள்.

கூடலூர்: மழைக்காலம் மூணு மாசம் வாசிக்காம வச்சிருந்தேன். இப்போ ஆன் ஆகல. செல் உள்ளேயே இருந்தது.

இதற்குத்தான் செல்லை உள்ளே விடாதீர்கள் என்கிறேன். கசிந்திருக்கும். மூடியைத் திறந்து ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கையுறை போட்டுச் செல்லை எடுத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, நல்ல செல் போடுங்கள். ஸ்பிரிங் அரித்துப் போயிருந்தால் சர்வீஸ்காரர்தான் மாற்ற வேண்டும். அதுவரை அடாப்டரில் ஆன் ஆகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அப்படி ஆன் ஆகிவிட்டால் பழுது செல் பக்கம் மட்டும்தான்.