பிடித்த பணம் எங்கே, தம்பி?

கேள்வி: அப்பாவின் பனியன் கம்பெனியை 2 வருடமாக நான்தான் பார்க்கிறேன். 40 பேர், ஆளுக்குச் சராசரியாக 12,000 ரூபாய் சம்பளம். ஆர்டர் நன்றாக வருவதால் இரண்டாவது யூனிட்டுக்கு இடம் பார்த்து 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். சரக்கு வாங்கும் பையர் பணம் தராமல் இழுப்பதால் 4 மாதமாக ஆட்களின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்டவில்லை, அது பிரச்சினை இல்லை, அப்புறம் கட்டிக்கொள்ளலாம். ஆட்கள்தான் பிரச்சினை. அப்பா காலத்து கட்டிங் மாஸ்டர், நான் பேசினால் துணியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. நல்ல தலைமைக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?
- வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைகள் "ஆட்கள் மதிப்பதில்லை" என்று எழுதும் கடிதம் எனக்குப் புதிதில்லை. எந்த வகுப்புக்குப் போகலாம் என்று நான் சொல்லப்போவதும் இல்லை. "அது பிரச்சினை இல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி.எஃப்.புக்காக ஆள் சம்பளத்தில் பிடிப்பது 12 சதவீதம், 12,000 ரூபாய்க்கு 1,440. 40 பேருக்கு மாதம் 57,600. அதே அளவு உங்கள் பங்கு. இரண்டும் சேர்ந்து 4 மாதத்துக்கு 4,60,800 ரூபாய். நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் 5 லட்சம். இப்போது சொல்லுங்கள், அந்த இடத்துக்குப் பணம் கொடுத்தது யார்? அதில் பாதி, அவர்கள் உழைத்து வாங்க வேண்டிய சம்பளத்தில் பிடித்த பணம். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் சட்டத்தில் அதற்குப் பெயர் நம்பிக்கை மோசடி.

ஆட்களுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? பி.எஃப். பாஸ்புக் இப்போது போனிலேயே வருகிறது. சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் பெண்கள் ஒருத்தர் போனை ஒருத்தர் வாங்கிப் பார்ப்பார்கள், மகள் கல்யாணத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள், அதில் 4 மாதமாக ஒரு வரியும் ஏறவில்லை. இதைத் தெரிந்துகொண்ட மாஸ்டர் உங்கள் முகத்தைப் பார்த்து என்ன பேசுவார்?

வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும் காப்பீடும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான். அந்த வீட்டம்மா வந்து நின்றால், பையர் பணம் இழுக்கிறார் என்றா சொல்வீர்கள்?

"அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதை உங்கள் ஊர் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டது. சாயத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் போனது, சுத்திகரிக்கிற செலவைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றன. அப்போது வேலை இழந்து மூட்டை கட்டிப் போனவர்கள் யார் என்று அப்பாவைக் கேளுங்கள்.

என்னைப் பொறுத்தவரை முதலாளி அந்த 40 வீட்டுக்கும் மூத்த பிள்ளை. தம்பி தங்கைகளின் பங்கை எடுத்துத் தன் பேரில் இடம் வாங்கும் மூத்தவனை ஊர் என்ன சொல்லும்? நானும் அதையேதான் சொல்வேன்.

சரி, இரண்டாவது யூனிட்டை விடுங்கள். கொஞ்சம் நஷ்டப்பட்டாவது அட்வான்ஸைத் திரும்ப வாங்குங்கள். கிடைக்காவிட்டால் காரை விற்றாவது கட்டுங்கள், வருடத்துக்கு 12 சதவீத வட்டியும் அபராதமும் ஏறிக்கொண்டே இருக்கிறது. இனி ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் இந்தப் பணம் போன பிறகுதான் நூலுக்கும் மெஷினுக்கும். பெரிய பையரின் ஆடிட்டர் வந்தாலும் பி.எஃப். கட்டிய சலானைக் கேட்பார், ஆர்டர் வளர வேண்டும் என்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

கட்டியதும் ஆட்களைக் கூப்பிட்டு, 4 மாதமாகக் கட்டவில்லை, தப்பு என்னுடையது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சலானை நகல் எடுத்து கட்டிங் டேபிளுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கே, அப்பாவிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். மாஸ்டர் வாயால் அவர் இதைக் கேட்கக் கூடாது.