நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில் குடிநீர் மட்டும் போதுமா?

கேள்வி: என் வயது 42. ஆண்டில் மூன்று, நான்கு முறை நீர்க்கடுப்பு வருகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆன்டிபயாடிக்கைத் தவிர்த்து, நெருஞ்சில், சிறுபீளைக் குடிநீரை (கஷாயத்தை) மட்டும் அருந்தலாமா?

பதில்: நெருஞ்சிலும் சிறுபீளையும் சிறுநீரைப் பெருக்கும் மூலிகைகளாகச் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கி வருபவை. தண்ணீர் போதாமல் சிறுநீர் அடர்ந்து எரியும்போது இவை இதமளிக்கலாம். அந்த இதத்தில் குடிநீரோடு உள்ளே செல்லும் தண்ணீருக்கும் பங்குண்டு. ஆனால், இத்தனை முறை திரும்பி வருவது பெரும்பாலும் கிருமித் தொற்றாகவே இருக்கும். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு பெருகும் ஈ.கோலை பாக்டீரியாவை இம்மூலிகைகள் ஒழிக்கும் என்பதற்கு நம்பத்தக்க மருத்துவச் சான்று இல்லை. ஆகவே, தொற்று உறுதியானால் ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக இவற்றை நம்பியிருக்காதீர்கள். சிறுநீர் கல்ச்சர் பரிசோதனைக்கு, ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடங்கும் முன்பே மாதிரியைக் கொடுத்துவிட்டால், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பது தெரியும்.

தடுப்பதில்தான் நீங்கள் அக்கறை காட்ட வேண்டும். குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த, அடிக்கடி இத்தொற்றுக்கு ஆளான பெண்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வொன்றில், நாள்தோறும் கூடுதலாக 1.5 லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இத்தனை எளிய வழி இருக்கும்போது, மூலிகையைத் தேடி அலைபவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. கிரான்பெர்ரிப் பழமும் சில பெண்களுக்குத் தொற்று திரும்புவதைக் குறைக்கிறது; வந்துவிட்ட தொற்றை அது குணப்படுத்தாது.

உங்கள் இரத்த அழுத்த மாத்திரையிலேயே சிறுநீரைப் பெருக்கும் மருந்து சேர்ந்திருக்கலாம். அதோடு நெருஞ்சிலும் சேர்ந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கித் தலைசுற்றல் வரக்கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

கலவைப் பொடிகளில் இன்னும் கவனம் தேவை. ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி போன்ற அரிஸ்டோலோகியா இனச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகச் சிதைத்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. உட்பொருள்கள் முழுமையாக அச்சிடப்படாத பொடியை வாங்காதீர்கள்.

குளிர்சுரம், விலாவின் பின்புறத்தில் வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிகளும் நீரிழிவு உள்ளவர்களும் இவ்வறிகுறிகளுக்குக் காத்திராமல், எரிச்சல் தொடங்கியதுமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.