வாசகர் கேள்வி: குழல் ஏன் திட்டுத்திட்டாகக் கறுக்கிறது?

கேள்வி: டெக்சாஸில் பழைய இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்று வாங்கினேன். குழலின்மேல் துருவைத் தடுக்க ஏற்றியிருந்த கருநீலப் பூச்சு தேய்ந்திருந்தது. கடையில் விற்கும் கோல்ட் புளூவை (சூடாக்காமலே இரும்பைக் கறுக்கவைக்கும் திரவம்) பூசினேன். திட்டுத்திட்டாக வந்தது, கை பட்ட இடமெல்லாம் ஒரே மாதத்தில் வெளுத்துவிட்டது. என்ன தவறு?

பதில்: திட்டு விழுந்ததற்குக் காரணம் எண்ணெய்ப் பசை. அசிட்டோனால் துடைத்தபின் வெறும் விரல் பட்டாலே போதும், ரேகை அப்படியே வெள்ளையாக நிற்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். தேய்க்கப் பயன்படும் புது ஸ்டீல் வுல்லிலும் (மெல்லிய எஃகு இழைப் பஞ்சு) எண்ணெய் இருக்கும். அதையும் அசிட்டோனில் அலசியே தொட வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

சீக்கிரம் வெளுத்ததற்குக் காரணம் வேறு. கோல்ட் புளூ என்பது செலீனியமும் செம்பு உப்பும் சேர்ந்து இரும்பின்மேல் படியவிடும் மெல்லிய கறுப்புப் படலம். திருகுக்கும் கீறலுக்கும் அது போதும், முழுக் குழலுக்குத் தாங்காது. செலீனியம் நஞ்சு, காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

உங்கள் குழலுக்கு ஏற்றது ரஸ்ட் புளூயிங், அதாவது மெல்லத் துருப்பிடிக்கவைத்து அந்தத் துருவையே கொதிநீரில் கறுப்பாக மாற்றும் முறை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுக் குழலைத் தனியே கழற்றுங்கள். 320 அல்லது 400 எண் எமரித்தாளோடு நிறுத்துங்கள். கண்ணாடிபோல் மெருகேற்றினால் துரு பிடிக்காது. வரிசை எண்ணும் முத்திரைகளும் இருக்கும் இடத்தைத் தேய்க்கவே கூடாது. எண் அழிந்தால் அது குற்றம்.

துருப்பிடிக்கவைக்கும் கரைசலைப் பஞ்சில் தொட்டு, நன்றாகப் பிழிந்துவிட்டு, ஒரே இழுப்பாகப் பூசுங்கள். சொட்டினால் அந்த இடம் அரித்துக் குழி விழும். ஈரமும் கதகதப்பும் உள்ள பெட்டியில் சில மணி நேரம் தொங்கவிட்டால் வெல்வெட் போன்ற மெல்லிய செந்துரு பூக்கும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் 15 முதல் 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கண்ணெதிரே செந்துரு கறுக்கும்; அது மேக்னடைட், இரும்பின் சொந்த ஆக்சைடு. குழாய்த் தண்ணீர் என்றால் உப்புக்கறை தங்கும். கொதிநீரில் துளி எண்ணெய் மிதந்தாலும், தூக்கும்போது குழலில் ஒட்டிக்கொள்ளும்.

மேலே நிற்கும் கறுப்புத் தூளை ஸ்டீல் வுல்லால் மென்மையாகத் தேய்த்தெடுங்கள். கரைசல் பூசியதிலிருந்து இதுவரை ஒரு சுற்று; இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முதல் இரண்டு சுற்றில் சாம்பல் நிறம்தான் வரும், மனம் தளராதீர்கள். ஆறு முதல் எட்டுச் சுற்றில் கருநீலம் ஆழமாக இறங்கும். கடைசியில் ஆப்ப சோடா கலந்த கொதிநீரில் அலசி, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவுங்கள். அடுத்த சில நாள்கள் துரு மீண்டும் எழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி: காஸ்டிக் சோடா உப்பில் சுடவைக்கும் முறை வேகமானதாமே?

பதில்: வேகம்தான். ஆனால் இரட்டைக்குழலுக்கு வேண்டவே வேண்டாம். குழல்களை இணைக்கும் ஈயப் பற்றவைப்பைக் காஸ்டிக் கரைக்கும். இடுக்கில் தங்கும் உப்பு பின்னாளில் கசிந்து அரிக்கும். அலுமினியப் பாகமோ ஹைட்ரஜனை வெளியிட்டுக் கரைந்தே போகும். தொட்டி 140 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கிறது. அதில் தண்ணீரை அலட்சியமாக ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

கேள்வி: வின்செஸ்டர் 94 ரைஃபிளின் ரிசீவர் (சுடும் இயக்கப் பாகங்களைத் தாங்கும் உலோகக் கூடு) புளூயிங் செய்தாலும் கறுக்காமல் நாவல்பழ நிறமாகிறதே?

பதில்: 1964க்குப் பிறகு வந்ததாக இருக்கும். அதன் உலோகக் கலவை வழக்கமான புளூயிங்கை ஏற்காது. அந்த ரிசீவருக்குப் பழகிய கைவினைஞரிடம் கொடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: இந்திய ஆயுதச் சட்டம் 1959இன்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே உரிமம் தேவை. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள்.